ஒருதரம் மட்டும் கேட்டேன்

அன்று என் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் அக்கா, அக்காவின் கணவரான அத்தான், யோகன் அண்ணை. நாலு பேர்தான். கணினித் திரையில் இன்னும் மூன்று பேர். அவர்களின் முகம் எனக்குத் தெரியாது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ எழுத்தும் இலக்கமும் இருந்தன. என் மனைவி ஜெசி இல்லை. அவளுக்கு முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஆர் ஆர் இருந்தது என்று ஏன் முதலே சொல்லுகிறேன் என்றால், எனக்கு இந்தப் போக்கர் சீட்டாட்டத்தைச் சொல்லித் தந்த பெண் பிறகு கேட்ட முதல் கேள்வியே அதுதான். என்ன சீட்டு வைத்திருந்தாய், பந்தயம் கட்ட எவ்வளவு சிப்ஸ் இருந்தது என்று அவள் கேட்கவில்லை. "அறைக்குள் ஆர் இருந்தது?" என்றுதான் கேட்டாள்.

தம்பிமார், தங்கச்சிமார், உங்கள் சீட்டாட்டக் குழுவில் என்னைக் கதைக்கச் சொல்லிக் கேட்டபோது நான் மாட்டன் என்றுதான் சொன்னேன். எழுதித் தாங்கோ என்றீர்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதியதை நாலு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. சின்ன மேசையிலிருந்து பெரிய மேசைக்கு எப்படி ஏறுவது என்று கேட்டிருந்தீர்கள். சீட்டு விளையாடுகிற வழியைச் சொல்லித்தர இப்போது மென்பொருள் இருக்கிறது, என்னைவிட நன்றாகச் சொல்லும். அது சொல்லாத ஒன்றைத்தான் நான் சொல்லலாம்.

நான் பயந்த ஆள். அடுப்பு நிற்பாட்டினேனா என்று பார்க்க மாடிப்படியில் பாதி இறங்கித் திரும்பி ஏறுகிற ஆள். இணையம் அறுந்துவிடும் என்று வீட்டில் இரண்டு இணைப்பு வைத்திருந்தேன், மின்சாரம் போய்விடும் என்று ஒரு பற்றரி வைத்திருந்தேன். டென்மார்க்கில், இந்தக் கோல்டிங்கில் மின்சாரம் எப்போது போனது என்று ஜெசி கேட்பாள். இப்படிப்பட்டவன் எப்படிப் போக்கர் விளையாட வந்தான் என்று நீங்கள் நினைப்பீர்கள். சின்ன மேசையில் பயம் நல்லது. மற்றவன் சலிப்பில் காசை எறிவான், பயந்தவன் எறியமாட்டான். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பின்னேர வேலை செய்துகொண்டு, காலையில் ஒரு யூரோ கட்டி உட்காருகிற மேசை, இரண்டு யூரோ மேசை என்று தொடங்கினேன். ஐந்து யூரோ மேசையில் இரண்டு வருசம் இருந்தேன். சந்தோசமாக இருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

சொல்லித் தந்தவள் ஓடென்ஸவில் இருந்த ஒரு டெனிஷ் பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. ஒருநாளும் நேரில் கண்டதில்லை, காதுக்குள் கேட்கிற குரல்தான். பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் எனக்கு இரண்டு விசயம் சொன்னாள். ஒன்று, கீழ் மேசை உனக்குச் சலித்துப்போனால் மேலே போ, கீழ் மேசையில் இருக்க வெட்கமாக இருக்கிறது என்பதற்காகப் போகாதே. இரண்டு, கடைசி மேசைக்கு வந்தால், பரிசைப் பிரித்து எவ்வளவு தந்தால் எழும்புவாய் என்பதை விளையாட உட்கார முதலே தீர்மானித்து, கடதாசியில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவை. எழுதினவன் அமைதியாக இருந்தவன், அவன் சொல்லைக் கேள் என்றாள்.

முதலாவதை நான் கேட்கவில்லை. தமிழ் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் அத்தான் நாலு பேருக்கு நடுவில், "எங்கடை சுதன் இன்னும் அஞ்சு யூரோவிலைதானே நிக்கிறான்? பாண் வாங்கிற காசடா அது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த மாதம் ஐம்பது யூரோ மேசையில் இருந்தேன். அத்தான் கெட்டவர் இல்லை. நான் டென்மார்க் வந்தபோது எனக்குக் குளிர்ச் சட்டை வாங்கித் தந்தவர் அவர்தான். அதனாலேயே அவர் சொன்னால் எனக்கு மறுத்துச் சொல்ல வராது.

ஐம்பதிலும் ஒருமாதிரிச் சமாளித்தேன். அதற்கு மேலே போக என் காசு போதாது. அப்போதுதான் யோகன் அண்ணை வந்தார்.

யோகன் அண்ணை தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர். முதுகு போய், வேலையை விட்டு, அரைச் சம்பளத்தில் வீட்டில் இருந்தார். அவருடைய மகள் நிலானிக்குக் கோப்பன்ஹேகனில் பார்மசி படிக்க இடம் கிடைத்திருந்தது. படிக்க இடம் கிடைத்தது, படுக்க இடம் கிடைக்கவில்லை. மாணவர் விடுதிக்குக் காத்திருக்கிற ஆக்களின் வரிசை எங்கேயோ நின்றது. பிள்ளை ஒரு சிநேகிதியின் சோபாவில் படுத்துக்கொண்டு, காலையில் சூட்கேஸைச் சிநேகிதியின் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வகுப்புக்குப் போனது. பிறகு அவள் பகுதிநேர வேலை செய்த இடத்தில் ஒரு வயதான டெனிஷ் அம்மா தன்னுடைய சின்னக் கூட்டுறவு வீட்டை விற்கப்போவதாகவும், மாத முடிவுக்குள் காசு கட்டினால் நிலானிக்கே தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அண்ணையும் மனைவியும் சேர்த்தது எல்லாம் போட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் குரோனர் குறைந்தது. அரைச் சம்பளக்காரனுக்கு வங்கி கடன் கொடுக்காது.

வீட்டு விசயம் வருவதற்கு இரண்டு மாதம் முதலே அவர் எனக்கு முப்பதாயிரம் தந்திருந்தார். அந்த இளவேனில் காலத்துப் பெரிய போட்டிகளுக்கு நான் கட்டுகிற காசில் பாதி அவருடையது, வெல்வதிலும் பாதி அவருக்கு. நானாகக் கேட்கவில்லை. அவராகத்தான் தந்தார், தரும்போது ஒன்று சொன்னார்: "தம்பி, இது எங்களுக்குள்ளை இருக்கட்டும். பிள்ளையின்ரை காசைச் சூதிலை போட்டிட்டான் எண்டு சனம் கதைக்கும்." நான் ஓம் என்றேன். ஆருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்குக்கூட. ஆகவே அத்தானின் கணக்கில் எல்லாம் என் காசு.

அந்தப் போட்டி சனிக்கிழமை தொடங்கி ஞாயிறு மத்தியானம் முடிவதாக இருந்தது. சனி முடிய ஒன்பது பேர் மிச்சம், அதில் நானும் ஒருவன். இரவில் மூன்று தரம் எழும்பி இரண்டு இணைப்பும் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். காலையில் ஜெசி வேலைக்குப் போனதும் வீட்டில் தனியாக இருக்க ஏலாமல், பயத்தில் நானே அக்காவுக்குப் போன் அடித்தேன். பிறகு யோகன் அண்ணைக்கு அடித்தேன். அவருக்குச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்று பட்டது. ஆக்கள் வருகிறார்கள் என்றதும் எழும்பி வீட்டை ஒதுக்கினேன். திரையோரத்தில் ஒரு மஞ்சள் கடதாசி ஒட்டியிருந்தது: மூன்று லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேல் தந்தால் ஓம். அத்தான் கண்டால் பகிடி பண்ணுவார் என்று அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த விளையாட்டில் ஐந்து நிமிட இடைவேளை வரும். மற்ற ஆட்டக்காரர் கழிப்பறைக்குப் போவார்கள், முகம் கழுவுவார்கள். நான் ரோல்ஸ் பொரித்தேன். வந்த ஆக்களைச் சும்மா இருத்தி வைக்கலாமோ? அக்கா தான் செய்கிறேன் என்றா, நான் விடவில்லை, சும்மா இருக்க என்னால் ஏலாது. யோகன் அண்ணை ஒரு ரோல்ஸோடு நிறுத்திக்கொண்டார். "வேண்டாம் தம்பி, காணும்" என்று கையால் பிளேட்டை மூடினார். நான் கேட்கவில்லை. "சும்மா இருங்கோ அண்ணை" என்று விரலுக்கு இடையால் இன்னும் இரண்டை வைத்தேன். அவர் மூன்றையும் சாப்பிட்டார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரியும்.

ஒன்பது எட்டாகி, ஏழாகி, நாலு பேரில் வந்து நின்றது. நான் இரண்டாவது இடத்தில் இருந்தேன். அப்போது திரையில் ஒரு பெட்டி வந்தது. நாலு பேரும் சம்மதித்தால், இருக்கிற பரிசுக் காசை இருக்கிற சிப்ஸுக்கு ஏற்றபடி இப்போதே பிரிக்கலாம். எனக்கு வருவது நாலு லட்சத்துப் பத்தாயிரம் குரோனர். சம்மதிக்காமல் விளையாடினால் முதல் பரிசு ஆறு லட்சத்து நாற்பதாயிரம், நாலாவதுக்கு இரண்டு லட்சம். மற்ற மூன்று பேரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை அடையாளம் வந்துவிட்டது. என்னுடையது மட்டும் வெறுமையாக இருந்தது.

கணக்குப் பார்க்க எனக்குப் படிப்புத் தேவையில்லை. பாதி என்றால் இரண்டு லட்சத்து ஐயாயிரம். பிள்ளையின் வீடு.

நான் சுட்டியில் கையை வைத்ததும் அத்தான் எழும்பி வந்தார்.

"என்னடா செய்யப்போறாய்?"

பிரிக்கலாம் என்று கேட்கிறார்கள் என்றேன்.

"உன்ரை காசை நீ ஏன்ரா பிரிக்கிறாய்? நாலு பேருக்குப் பங்கு போட இதென்ன கோயில் மோதகமே?"

அக்கா, "அவனுக்குப் பயமெண்டால் எடுத்துக்கொண்டு எழும்பட்டுமன், விடுங்கோ" என்றா. பயம் என்ற அந்தச் சொல் என் காதில் நன்றாக விழுந்தது. அத்தான் விடவில்லை. இத்தனை வருசம் கீழேயே கிடந்துவிட்டு, மேலே வந்த அன்றைக்கும் பாதி வழியில் இறங்கப் போகிறானாம் என்று அண்ணையைப் பார்த்துச் சொன்னார். "யோகன், நீர் சொல்லும், உம்மடை காசெண்டால் விடுவீரோ?"

அத்தான் ஒன்றும் தெரியாமல் கேட்ட கேள்வி அது. அண்ணையின் காசுதான். பாதி.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். அதைக் கீழே வைத்தார். பிடியைத் தன் பக்கம் திருப்பினார், பிறகு மற்றப் பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்.

"உம்மடை விருப்பம் தம்பி. உமக்குத்தானே இது விளங்கும்."

இங்கே கொஞ்சம் நில்லுங்கோ பிள்ளைகள். இணையத்தில் நாங்கள் ஆளை எப்படி வாசிக்கிறோம்? முகம் இல்லை, கை நடுக்கம் தெரியாது. எடுக்கிற நேரம் ஒன்றுதான் தெரியும். சட்டென்று அழுத்தினால் ஒரு கருத்து, கடைசிச் செக்கன் வரை இழுத்துவிட்டு அழுத்தினால் வேறு கருத்து. ஒன்பது வருசமாக அதை வைத்துத்தான் நான் சாப்பிட்டேன். போலந்திலோ பிரேசிலிலோ இருந்த ஒருவன் மூன்று செக்கன் பிந்தினால் அவனுக்கு என்ன சீட்டு என்று சொல்லுவேன். என் சோபாவில் இருந்த மனிசன் கோப்பையை இரண்டு தரம் திருப்பிவிட்டுச் சொன்னதை நான் வாசிக்கவில்லை. வாசிக்கவில்லை என்பதும் உண்மையில்லை. வாசித்தேன். ஆனால் வாய் சொன்னதை எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அவர் வாய் திறந்து காசைப் பிரியும் என்று சொல்லமாட்டார், காசு தந்தது வெளியே வந்துவிடும். பிறத்தியார் காசில் விளையாடுகிறவன் என்று அத்தானுக்கு முன்னால் நான் குறைந்துபோவேன் என்றும் யோசித்திருப்பார். தந்த காசைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் கதைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லைத்தானே.

நான் வேண்டாம் என்பதை அழுத்தினேன். அத்தான் என் முதுகில் தட்டினார்.

இருபது நிமிடம் போயிருக்கும். என்னிடம் இரண்டு பத்துகள் வந்தன, இருந்த எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். எதிரே இருந்தவனிடம் ஆஸும் ஜாக்கும். கடைசிச் சீட்டில் ஆஸ் விழுந்தது, அவனுக்கு இரண்டு ஆஸ். நாலாவது இடம். அந்தக் கையை இன்றைக்கு வந்தாலும் அப்படித்தான் விளையாடுவேன், அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. உங்களில் சிலர் தோற்ற கையையே திருப்பித் திருப்பிக் காட்டி அழுகிறீர்கள். அதை விடுங்கோ.

அக்கா பிளேட்டுகளை எடுத்துக் கழுவப் போனா. இரண்டு லட்சம் என்ன சின்னக் காசோ, தொழிற்சாலையில் எத்தனை மாதம் நிற்கவேணும் அதுக்கு என்று அத்தான் ஆறுதல் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். யோகன் அண்ணை சப்பாத்துப் போட வாசலுக்குப் போனார். முதுகு வலியில் குனிய ஏலாமல் நின்றுகொண்டே காலை நுழைத்தார். நான் பின்னால் போனேன்.

அவருடைய பங்கு ஒரு லட்சம். வீட்டுக்கு இன்னும் எண்பதாயிரம் வேண்டும். என் பங்கும் ஒரு லட்சம். அது எனக்கு அன்றைக்கு ஒன்றுக்கும் அவசரமாகத் தேவைப்படவில்லை. மெல்லிய குரலில் சொன்னேன்: "அண்ணை, மிச்ச எண்பதையும் நான் தாறன். பிறகு பாப்பம்."

"வேண்டாம் தம்பி. உமக்கும் செலவு இருக்கும்."

சட்டென்று சொன்னார், ஒரு செக்கனும் எடுக்கவில்லை. சொல்லிவிட்டுக் கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றார், திறக்கவில்லை. நான் சரி அண்ணை என்றேன். பிறகுதான் திறந்தார்.

பின்னேரம் ஜெசி வந்தாள். சட்டியில் மிஞ்சின ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள், அண்ணையின் முப்பதாயிரத்தையும் அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"அண்ணை எத்தினை ரோல்ஸ் சாப்பிட்டவர்?" என்று கேட்டாள்.

மூன்று என்றேன். ஒன்று போதும் என்றவர், நான்தான் விடாமல் வைத்தேன் என்றும் பெருமையாகச் சொன்னேன்.

"ரோல்ஸ் வேண்டாமெண்டால் வைக்கத் தெரியுது. காசு வேண்டாமெண்டால் மட்டும் உங்களுக்குக் காது கேக்குது."

அப்போதே எழும்பிப் போயிருக்கலாம். அண்ணையின் வீடு சைக்கிளில் பத்து நிமிடம். நாளைக்குப் போறன் என்றேன். நாளைக்கு, அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு காசோடு போய் நிற்பது அவரைக் குறைக்கிற மாதிரி இருக்கும் என்று யோசித்தேன். அடுத்த நாள், அவராகக் கேட்டால் கொடுப்போம் என்று யோசித்தேன். என் பயம் எப்போதும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டுதான் வரும். மாதம் முடிந்தது. அந்த அம்மா வேறு ஆக்களுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார்.

என் ஒரு லட்சத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கடைசி மேசைவரை வந்தவன் என்ற பெயரோடு ஐம்பது யூரோ மேசைக்குத் திரும்ப எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்நூறு யூரோ மேசைகளுக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் என் பயத்தைத் தூரத்திலிருந்தே மணந்து பிடித்தார்கள். பனிக்காலம் வருமுன் காசெல்லாம் முடிந்துவிட்டது. ஓடென்ஸப் பெண்ணுக்கு அப்போதுதான் முழுக்கதையையும் சொன்னேன். அறைக்குள் ஆர் இருந்தது என்று கேட்டாள், சொன்னேன். "நாலு பேர் இருந்திருக்கிறீர்கள். விளையாடினது நீ இல்லை" என்றாள். அவளிடம் வாசல் கதையைச் சொன்னேன். அது அவளுக்கு விளங்கவில்லை. அவர் வேண்டாம் என்றாரே, பிறகென்ன என்று கேட்டாள். அவள் நாட்டில் அது சரி. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எனக்கு அந்த வசதி இல்லை, ஏனென்றால் எனக்குத் தெரிந்திருந்தது.

நான் விளையாட்டை நிற்பாட்டி, எந்தச் சூதாட்டத் தளத்திலும் திரும்பச் சேர ஏலாதபடி என் பெயரைப் பதிந்துவிட்டேன். இப்போது பாண் சுடுகிற தொழிற்சாலையில் காலை வேலை. நிலானி இரண்டு பருவம் முடிய, ஐந்தாறு இடம் மாறிப் படுத்துக் களைத்து, படிப்பை விட்டுவிட்டு வந்தாள். இப்போது எஸ்பியர்க்கில் வேறொன்று படிக்கிறாள். "நல்லாய்த்தான் இருக்கிறாள் தம்பி" என்பார் அண்ணை. அதையும் நான் ஒருதரம் கேட்டுவிட்டு விடுவதில்லை. எப்படி நல்லாய், நித்திரை கொள்கிறாளா, சாப்பிடுகிறாளா என்று திரும்பத் திரும்பக் கேட்பேன். நாலாவது கேள்வியில்தான் அவர் உண்மை சொல்லத் தொடங்குவார்.

நீங்கள் ஏறுங்கோ. ஏறவேண்டாம் என்று சொல்ல நான் ஆர்? பிறத்தியார் காசோடு ஏறினால் மட்டும், அது ஆருடைய காசு என்று அந்த அறைக்குள் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். மஞ்சள் கடதாசியைக் கழற்றாதேங்கோ. உங்களுக்குத் தந்தவர் உங்கள் விருப்பம் என்று சொன்னால், இன்னொருதரம் கேளுங்கோ.

பாண் தொழிற்சாலைச் சம்பளம் வந்த முதல் மாதமே அண்ணையின் கணக்குக்கு ஆயிரத்து ஐந்நூறு குரோனர் அனுப்பினேன். அன்றைக்கே திருப்பி அனுப்பினார். உமக்கும் எனக்கும் கடன் ஒன்றும் இல்லைத் தம்பி என்று எழுதியிருந்தார். அடுத்த மாதமும் அனுப்பினேன், திருப்பி அனுப்பினார். மூன்றாவது மாதம் வந்த காசையும் திருப்பி அனுப்பினார், எழுத்து ஒன்றும் இல்லை. நாலாவது மாதம் அனுப்பியது திரும்பி வரவில்லை. அடுத்த நாள் காலை போன் அடித்து, கோல்டிங்கில் மழையோ என்று கேட்டார். அவரும் கோல்டிங்கில்தான் இருக்கிறார். ஓம் அண்ணை, மழைதான் என்றேன்.

அன்றைக்கு வாசலில் சொன்ன எண்பதாயிரத்தில் இன்னும் நாற்பத்தோராயிரம் குரோனர் கொடுக்க இருக்கிறது.